கிளாக்கரையாவுக்கு வரவேண்டிய பரிசு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவைப் பாம்பு கடித்தபோது பாதித் தோட்டம் பதுளை ஆஸ்பத்திரிக்குத் திரண்டுபோனது. கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லாமல் ஆட்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். மேசையில் அப்பிளும் திராட்சையும் குவிந்து கிடந்தன. தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கரும் வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் குடை. நோயாளியின் வீங்கிய காலைக் குனிந்து நன்றாகப் பார்த்தார். அப்பிள்களையும் பார்த்தார். வெளியே வந்ததும் என் அப்பாவிடம் மனம் நொந்து சொன்னார்:

"மாரிமுத்து, நானும் இந்தத் தோட்டத்திலை எத்தினை வருசமா நடந்து திரியிறன். என்னை ஒரு பாம்பும் திரும்பிப் பாக்கேல்லை."

அப்பா சிரிக்கவில்லை. அப்பா தோட்டத்துத் தபால்காரர். காலையில் தோட்டத்துத் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெமோதரைக்கு நடப்பார், மத்தியானம் பையோடு திரும்பி ஆபீசில் கொடுப்பார். அங்கே பையைத் திறப்பவர் பெரிய கிளாக்கர். ஆகவே அவர் எதைச் சொன்னாலும் "ஆமாங்க ஐயா" என்பதே அப்பாவுக்குப் பழக்கம். பாம்பு விஷயத்திலும் அதையே சொன்னார்.

கிளாக்கரையா யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் மகளும் ஊரில். அப்போது சண்டைக்காலம், வடக்குப் பாதை மூடியிருந்தது. கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் வராது. ஸ்டாப் குவாட்டர்ஸில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. யாருக்கும் பேர் வெட்டி நாள் சம்பளத்தைப் பிடித்ததில்லை, யாரிடமும் கைநீட்டியதில்லை. ஒரே ஒரு குறைதான். உலகத்தில் யாருக்கு எது கிடைத்தாலும் அது தன்னுடைய சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று நினைப்பார். "அது எனக்கு வரவேண்டியது" என்பார். தேயிலை பெக்டரி டீமேக்கருக்குப் புது பங்களா கொடுத்தபோது சொன்னார். சின்னக் கிளாக்கருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோதும் சொன்னார். சின்னக் கிளாக்கரின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

பழைய பெரிய கங்காணி செத்தபோது தோட்டத்தின் மூன்று டிவிசன் சனமும் வந்தது. இரண்டு செட் தப்பு மேளம். தேர் கட்டித் தூக்கினார்கள். கிளாக்கரையா வீதியோரம் குடையைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்பாவைக் கேட்டார்:

"எனக்கெண்டால் எவ்வளவு சனம் வரும்?"

"என்னாங்க ஐயா இப்பிடிக் கேக்குறீங்க. எல்லாரும் வருவாங்க."

"எல்லாரும் எண்டால்? மேல் டிவிசனும் வருமோ?"

"வருவாங்க ஐயா."

"நீ சும்மா சொல்லுறாய்," என்றார். ஆனால் அன்று அப்பாவுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

அவர் கதை எழுதுகிறவர் என்பது தோட்டத்தில் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். பெரிய பெரிய உறைகளைச் சுமந்தவர் அப்பாதானே. கோயில் மலர், கூட்டுறவுச் சங்கம், பத்திரிகை ஆண்டுவிழா என்று எங்கே சிறுகதைப் போட்டி வைத்தாலும் பெரிய கிளாக்கரின் உறை போகும். அநேகமாக ஆறுதல் பரிசு வரும். ஆறுதல் பரிசு வாங்கி ஆறுதல் அடைந்த ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

மாரிமுத்துவின் மகள் படிக்கிற பிள்ளை என்று எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைக் கொடுத்து அனுப்புவார். நான் அப்போது பதுளையில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பேப்பர் என்னிடம் வரும்போது நடுநடுவே ஜன்னல் வைத்திருக்கும். கத்தரிக்கோலால் சதுரம் சதுரமாக வெட்டியிருப்பார். ஐயா நல்ல கதைகளைச் சேர்த்து வைக்கிறார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"சேத்து வைக்கிறதோ? அடுப்பிலை போடுறனான்," என்றார். "அதுகளை வாசிச்சு நீ கெட்டுப்போகாதை, பிள்ளை."

அப்படி வெட்டாமல் வந்த ஒரு பேப்பரில்தான் அந்த அறிவித்தல் இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்துத் தமிழ்ச் சங்கம், வளர்ந்துவரும் எழுத்தாளர்களுக்குச் சிறுகதைப் போட்டி நடத்துகிறது. வயது இருபத்தைந்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். அதை ஆபீசில் யாரும் இல்லாத நேரம் அப்பாவுக்கு உரத்து வாசித்தாராம் கிளாக்கரையா. அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது.

"நானும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறன். வளர்ந்து முடிஞ்சுதெண்டு இவங்களுக்கு ஆர் சொன்னது?"

அடுத்த வாரம் அப்பாவின் பையில் வழக்கம்போல ஒரு பெரிய உறை போனது.

சில மாதம் கழித்து ஒரு சாயந்தரம் பெரிய கிளாக்கர் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்தார். கிளாக்கர்மார் லயத்துக்கு வரமாட்டார்கள். வந்தால் யாருக்கோ வேலை போயிற்று என்று அர்த்தம். ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் என்னைத் தண்ணிப் பைப்படிக்குக் கூப்பிட்டு, குடையை விரித்து, மழையில்லாத நேரத்தில் இரண்டு பேர் தலைக்கும் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"பிள்ளை, உனக்கு முதல் பரிசு."

"எதுக்குங்க ஐயா?"

"சிறுகதைக்கு. கதை என்ரை. பேர் உன்ரை. வாயைத் திறக்காதை."

"என் பேர ஏங்க ஐயா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"வேறை ஆற்றை பேரைப் போடுறது? டீமேக்கரின்ரை மகளின்ரை பேரைப் போட்டால், அவள்தான் எழுதினவள் எண்டு சனம் நம்பியிடும். உன்னை ஒருத்தரும் நம்பாயினம்."

அதில்தான் அவர் கணக்குப் பிழைத்தது. எல்லோரும் நம்பினார்கள். மறுநாளே பள்ளிக்கூடத்தில் காலைக்கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். தோட்டக் கோயிலில் மாலை போட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் வந்து பேசினார். நான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். கிளாக்கரையா கொடுத்த கதைப் பிரதியையும் காட்டினேன். அதை வாசிக்கச் சொல்லி அம்மாவோடு உட்கார்ந்து கேட்டார்.

கதை இதுதான். அக்கா, தங்கை இரண்டு பேர். தங்கைக்கு முதலில் கல்யாணம் கூடிவிடுகிறது. கல்யாணத்தன்று விடியப்புறம், எல்லோரும் தூங்கும்போது, அக்கா கூறைச்சேலையை எடுத்துக் அடுப்பு மூட்டாத குசினியில் நின்று ஒரு தடவை உடுத்திப் பார்க்கிறாள். பிறகு அதே மடிப்பில் மடித்து வைத்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் தங்கை எழும்பிச் சேலையை எடுக்கிறாள். சேலை சூடாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்பா பிரதியை வாங்கி மடித்தார். பிறகு சொன்னார்: "கிளாக்கரையா இப்பிடி அழுகுற மாதிரி எழுதுவாராக்கும்? கூச்சப்படாத புள்ள. நீதான் எழுதியிருக்க."

பொறாமையைப் பற்றி அந்தத் தோட்டத்தில் வேறு யாரால் எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பரிசளிப்புக்கு ரயிலில் போனோம். நான், அப்பா, கிளாக்கரையா. நான் எங்காவது உளறிவிடுவேன் என்று அவர் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். பண்டாரவளை வரை நல்ல சந்தோஷமாகத்தான் இருந்தார். அப்பா பேச்சை எடுத்தார்.

"எம்புள்ளைக்கு இந்த மாதிரி எழுத எங்கேருந்துங்க ஐயா வந்துச்சு?"

"ம்."

"பள்ளிக்கொடத்துல மாஸ்டர் சொன்னாராம், இது பெரிய பெரிய ஆளுங்க எழுதுற மாதிரி இருக்குன்னு."

"ம்."

"பத்தொம்பது வயசுல இது பெரிய விசயம் இல்லீங்களா?"

அப்புத்தளையில் மூடுபனி பெட்டிக்குள் வந்தது. கிளாக்கரையாவின் முகம் மாறியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அறிவேன். டிஸ்பென்சரின் அப்பிள்களை அப்படித்தான் பார்த்தார்.

"கதை பரவாயில்லை," என்றார். "முடிவு சரியில்லை."

"ஏங்க ஐயா?"

"சீலை சூடா இருந்ததெண்டு நிப்பாட்டினால் காணுமோ? தங்கச்சி என்ன நினைச்சவள் எண்டு சொல்லவேண்டாமோ? அவசரத்திலை எழுதினது."

அப்பா என் வாழ்நாளில் முதன்முறையாகப் பெரிய கிளாக்கரை எதிர்த்துப் பேசினார். "மன்னிச்சிருங்க ஐயா. அந்த எடத்துலதான் எம்பொஞ்சாதி அழுதுருச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்த எழுதியிருந்தா கெட்டுப்போயிருக்கும்."

"உனக்குக் கதை விளங்குமோ?"

"எனக்கு வெளங்காதுங்க. ஆனா எம்புள்ள கதைய நீங்க கொறை சொல்லாதீங்க."

எழுதியவர் தன் கதையைத் திட்ட, தபால் பை தூக்குகிறவர் அதை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்ற, நானுஓயா வரை இது நடந்தது. அப்பா ஜெயித்தார். கிளாக்கரையா எழுந்துபோய் ரயில் வாசலில் நின்றுகொண்டார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. மனிதர் சந்தோஷப்பட்டாரா, வயிறெரிந்தாரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. இரண்டுமாக இருக்கலாம்.

பல்கலைக்கழக மண்டபம் நிறைந்திருந்தது. நடுவர்களில் மூத்தவரான பேராசிரியர் ஒருவர் பேசினார். தோட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே கண் கலங்குகிற வகை. என்னைக் காட்டி, அட்டை கடித்த கால்களோடு நடந்து வந்த பேனா என்றார். கதையில் அட்டையும் இல்லை, தேயிலையும் இல்லை. அவர் விடவில்லை.

"அன்பர்களே, இந்தச் சேலை வெறும் சேலை அல்ல. இதுதான் மலையக மண்! உடுத்திப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுக்கிறாளே மூத்தவள், அவள்தான் நம் உழைக்கும் மக்கள்!"

மூன்றாவது வரிசையில் இருந்த கிளாக்கரையா அப்பாவின் காதில் சொன்னாராம்: "சீலை சீலைதானேயப்பா. அதை உடுத்தினது என்ரை பெரியக்கா." அப்போதுதான் அப்பாவுக்கு முதல் சந்தேகம் தட்டியிருக்கிறது.

என்னை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். இந்தக் கதை எப்படித் தோன்றியது, அடுத்த கதை எப்போது வரும் என்று கேட்டார்கள். முதல் கேள்விக்குக் கிளாக்கரையாவைப் பார்த்தேன். இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டேன். ஆயுள் முழுக்க இதையே கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன்.

"இந்தக் கதைய நான் எழுதலங்க. எங்க தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா எழுதுனது. அந்தா அங்க இருக்காங்க. பரிச அவங்களுக்குக் குடுங்க."

பேராசிரியர் மெதுவாக வந்து என் தலையில் கைவைத்தார். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்:

"பார்த்தீர்களா? இந்தக் குழந்தை தன் எழுத்தைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல அஞ்சுகிறாள்! கூடையிலிருந்து கொழுந்தைக் கொட்டுவதுபோல, தன் கதையையும் கிளாக்கரின் காலடியில் கொட்டப் பழக்கிவிட்டார்கள்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பின்வரிசையில் யாரோ கோஷம் எழுப்பினார்கள். அதற்குள் கிளாக்கரையா எழுந்து நின்றார். இருபது வருஷமாக ஆறுதல் பரிசு வாங்கிய மனிதர். முதல் பரிசு பத்தடி தூரத்தில் இருந்தது. அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"ஓம்! நான்தான் எழுதினனான்! அது என்ரை கதை!"

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் யாராவது ஒருவர் என்னை நம்பியிருக்கக்கூடும். சபை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்த பரிசை எல்லோர் முன்னாலும் பறிக்க வந்த கிளாக்கரை அவர்கள் கண்ணாலேயே கண்டுவிட்டார்கள். இரண்டு மாணவர்கள் வந்து அவர் தோளைப் பிடித்தார்கள். "ஐயா, வெளியிலை வாங்கோ," என்றான் ஒருவன், அவருடைய ஊர்ப் பேச்சிலேயே.

அப்பா எழுந்தார். மேடையில் மகள் நிற்கிறாள், கையில் கேடயம் வரப்போகிறது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் இருந்த கதிரையில் விட்டுப்போன குடையை எடுத்துக்கொண்டு கிளாக்கரையாவின் பின்னால் வெளியே போனார்.

மண்டபத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் இரண்டு பேரும் நின்றதாக அப்பா பிறகு சொன்னார். "ஐயாவாங்க எழுதுனீங்க?" என்று கேட்டாராம். "ஓம்," என்றாராம் அவர். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "முடிவு நல்லாத்தாங்க ஐயா இருக்கு," என்றாராம்.

திரும்பி வரும் ரயிலில் நான் கேடயத்தை அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதிலை உன்ரை பேரைப் பொறிச்சிருக்கிறாங்கள். இதை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்று திருப்பித் தந்தார். அட்டன் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"என்னை வெளியிலை விட்டாப் பிறகு கதையை வாசிச்சவங்களோ?"

"கடைசிப் பந்தி மட்டும் வாசிச்சாங்க ஐயா."

"ஆர் வாசிச்சது?"

"ஒரு அக்கா. நல்ல கொரலு."

"சனம் எப்பிடி இருந்தது?"

"மூச்சு விடுற சத்தங்கூட இல்லீங்க."

தலையை ஆட்டினார். மண்டபத்தின் அந்த அமைதியை நான் கேட்டுவிட்டேன், அவர் கேட்கவில்லை. அதை அவர் எனக்கு மன்னித்ததே இல்லை.

செய்தி எங்களுக்கு முந்தித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறவில்லை. பெரிய கிளாக்கர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் தலைவர். அப்பா ஓடிப்போய், ஐயாதான் உண்மையில் எழுதினார் என்று சொல்லிப் பார்த்தார். "நீ பயந்துகிட்டுப் பேசுற மாரிமுத்து, ஒதுங்கி நில்லு," என்று தலைவர் அவரைத் தள்ளிவிட்டார். நானும் சொன்னேன். அம்மாக்கள் என் கன்னத்தைத் தடவினார்கள். தோட்டத்து மனேஜர் துரை ஜீப்பில் வந்து கிளாக்கரையாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

கிளாக்கரையா களத்தின் நடுவில் வந்து நின்றார். சட்டைக் கை பொத்தான்கள் ஒழுங்காகப் பூட்டியிருந்தன.

"அந்தக் கதை மாரிமுத்துவின்ரை மகள் எழுதினது," என்றார். "நான் அங்கை பிழையாச் சொல்லிப்போட்டன். மன்னிக்கவேணும்."

ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். அவர் நகரவில்லை.

"ஆனால் திறமான கதை," என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்.

அந்த வாரப் பேப்பரில் என் படம் வந்திருந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எனக்கு வந்த பேப்பரில் அந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒவ்வொன்றும் அவரைச் சுட்டது. ஏ.எல். பாஸானபோது "பரிசு எடுத்த பிள்ளையெண்டு மார்க்ஸைக் கூட்டிப் போட்டிருப்பாங்கள்" என்றார். பசறைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகப் போனபோது, அந்த வேலையும் அந்தக் கதைக்குத்தான் கிடைத்தது என்று அப்பாவிடம் வாதாடினார். அவ்வளவுக்கும், என் விண்ணப்பத்துக்குத் தோட்டத்துக் கடிதம் தேவைப்பட்டபோது அன்றே டைப் அடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வடக்குப் பாதை திறந்ததும் அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப நானும் அப்பாவும் மட்டும் போனோம். இரண்டு சூட்கேஸ், ஒரு குடை. மேல் டிவிசனிலிருந்து யாரும் வரவில்லை.

எனக்கு அப்போது ஒரு விஷயம் அவரிடம் கேட்க இருந்தது. பல்கலைக்கழகம் பரிசுக் கதைகளைப் புத்தகமாகப் போடப்போவதாக எழுதியிருந்தது. என் சம்மதம் கேட்டிருந்தார்கள். நான் சொன்னேன்:

"ஐயா, இந்தத் தடவ நான் விடமாட்டேன். நேரா அவங்கள்ட்டப் போயி ஒங்க பேரப் போடச் சொல்றேன். இப்ப நான் டீச்சர். நான் சொன்னா கேப்பாங்க."

கடலைக்காரன் ஒருவன் கத்திக்கொண்டு போனான். கண்டக்டர் சூட்கேஸ்களை ஏற்றினான். கிளாக்கரையா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"வேண்டாம்."

"ஏங்க ஐயா? ஒங்க கததான?"

"என்ரை பேரைப் போட்டால், அம்பது வயசுக்காரன் ஒருத்தன் எழுதின கதை. பரவாயில்லை எண்டு சொல்லுவாங்கள். உன்ரை பேரிலை இருந்தால், பத்தொன்பது வயசுப் பிள்ளை எழுதினது. சனம் வாயைப் பிளக்கும்." அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "கதைக்கு உன்ரை பேர்தான் நல்லது. விளங்குதோ? அதுதான் எனக்கு உன்னிலை எரிச்சல்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டிரைவர் ஏறி ஹோர்ன் அடித்தான்.

"அடுத்த கதை எப்ப எண்டு இப்பவும் கேக்கிறாங்களோ?" என்று கேட்டார்.

"கேக்குறாங்க ஐயா. எழுதிப் பாக்கட்டுமா?"

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அவர் பதறிப்போய்க் குடையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி என்னைப் பார்த்து ஆட்டினார்.

"வேண்டாம் பிள்ளை! உன்ரை பேருக்கு இப்ப ஒரு மரியாதை இருக்கு. எழுதிக் கெடுத்துப்போடாதை!"